அவள் பேர் எழுதிய கவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். முதலில் வாங்கிய நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே முருகன் துணை என்று எழுதி, அதோடு மூடி வைத்தேன். அந்த நோட்டு பழுத்து ஓரம் உதிர்ந்து போனது. இது மூன்றாவது நோட்டு.

தயங்கியதற்குக் காரணம் இரண்டு. தாய்க்கு வந்த வியாதியை வெளியே சொன்னால் மகளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அது ஒன்று. மகளுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளைக்கே மீசை முளைத்துவிட்டது. அந்தப் பயம் இப்போது இல்லை. மற்றது, சாமிக்கு நேர்ந்துகொண்ட விஷயம் இதில் வருகிறது. படிக்கிறவர்கள் சாமியைக் குறை சொல்லிவிட்டால் அந்தப் பாவம் எனக்குத்தானே. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். தப்பு செய்தது நான், சாமி இல்லை என்பதை எழுதினால்தான் தெரியும்.

நான் எட்டாவது வரை படித்தவன். மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் பார்க்கிற வேலை எனக்கு. உப்பங்கழியிலிருந்து இறைக்கிற தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலில் சுண்ட வைத்து, கடைசிப் பாத்திக்கு விட வேண்டும். எப்போது விடுவது என்பதற்கு ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. தண்ணீரில் மிதக்க விட்டால் எத்தனை டிகிரி என்று காட்டும். இருபத்தைந்தில் உப்பு பூக்கும். முப்பதைத் தொட்டால் கசப்பு ஏறிவிடும், மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். ஒரு நாள் அசந்தால் உப்பு கசந்து போகும். எனக்குக் குழல்கூட வேண்டாம். விரலை முக்கி நாக்கில் வைத்தால் சொல்லிவிடுவேன். ஒரே பாத்தியில் எந்த மூலையில் முக்கினாலும் டிகிரி ஒன்றுதான் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதுதான் இந்தக் கதை.

என் மனைவி அதே அளத்தில் உப்பு சுமந்தாள். என் அண்ணன் மனைவியும் அங்கேதான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, முப்பத்தைந்து முப்பத்தாறு இருக்கும். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே மீன், ஒரே அரிசி. காலையில் தலைக்குச் சும்மாடு வைத்துக்கொண்டு சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள். எங்களுக்கு ஒரே மகள். அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், மழை முடிந்து பாத்திகளைச் சீர் பண்ணுகிற நேரம். என் மனைவி இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். போன சீசனிலேயே இருந்ததாம். வலிக்காததால் சொல்லவில்லையாம். புளியங்கொட்டை அளவு என்றாள். நான் தொட்டுப் பார்த்தபோது அதைவிடப் பெரிசாக இருந்தது. எழுந்துபோய்க் கை கால் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் நின்று, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். இவளுக்குக் குணமானால் மயிலம் முருகன் கோயிலுக்குக் கூட்டிவந்து முழு முடியும் இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

முடிச்சைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு முடி என்றால் உசிர். இடுப்புக்குக் கீழே தொங்கும். உப்புக் காற்றில் நாள் முழுக்க நின்றாலும் ராத்திரி கழுவிக் காயவைத்துப் பின்னிக்கொண்டுதான் படுப்பாள். முடிச்சையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, வேண்டிக்கிறதுதான் வேண்டிக்கிட்டீங்க, உங்க முடியை வேண்டிக்கக் கூடாதா?"

"என் தலையில இன்னா இருக்குது குடுக்க?"

"அதான் என் தலையில கை வச்சிட்டீங்களாக்கும்" என்று சிரித்தாள். முருகனுக்கு என்று ஆனபிறகு அந்த முடியில் கத்திரி படக்கூடாது. நுனிகூட வெட்டக்கூடாது. அது எங்கள் வீட்டு வழக்கம். அவளும் அப்படியே வளர்ந்தவள்தான்.

கூனிமேடு வழியாகப் போகிற பஸ்ஸில் பாண்டிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்து மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். எடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆபரேஷன் ரூமுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் எத்தனை ஆணி அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று. அது இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்பது நினைவில்லை.

வார்டில் இருந்தபோதுதான் அந்தச் சின்ன டாக்டரம்மா வந்தார்கள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் வேறு, இவர்கள் வேறு. இந்த வியாதி வந்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள். என் மனைவியிடம் உப்பளத்து வேலையைப் பற்றி ரொம்ப நேரம் கேட்டார்கள். பிறகு என்னையும் உட்காரவைத்து விளக்கினார்கள். மனுஷ உடம்பில் துத்தநாகம், செம்பு, இன்னும் பேர் வாயில் நுழையாத சில தாதுக்கள் எல்லாம் கொஞ்சூண்டு கொஞ்சூண்டு இருக்கிறதாம். அது கூடினாலோ குறைந்தாலோ இந்த வியாதிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று பார்க்கிறார்களாம். தலைமுடியில் அந்தத் தாதுக்கள் தங்குமாம். பின்கழுத்துக்கு மேலே, தோலை ஒட்டி, ஒரு பென்சில் கனத்துக்கு வெட்டிக் கொடுத்தால் பம்பாய்க்கு அனுப்பிப் பார்ப்பார்களாம்.

எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஒரு பாத்தித் தண்ணீரில் கசப்பு எவ்வளவு இருக்கும்? கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உப்பைக் கெடுத்துவிடும். அதைச் சொன்னேன். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். அதேதான் ஐயா, ஆனால் எங்களுக்கு இன்னும் நாக்கில் வைத்துச் சொல்லத் தெரியவில்லை என்றார்கள்.

அப்போது என் மனைவி கேட்டாள். "எங்க உப்பால வந்ததாம்மா இது?"

"அப்படி யாரும் சொல்லலம்மா. அந்தத் தாது கூடினதால நோய் வந்துச்சா, நோய் வந்ததால தாது மாறிப்போச்சா, அதுவே எங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் பாக்கிறோம்."

"எனக்குப் பொண்ணு ஒண்ணு இருக்குது. அவளுக்கும் வருமான்னு இதுல தெரியுமா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்கள். பிறகு, இதில் தெரியும் என்று நான் சொன்னால் அது பொய் என்றார்கள். நூறு பேர், இருநூறு பேர் கொடுத்தால் ஒரு நாள் யாருக்காவது தெரியலாம் என்றார்கள்.

"அந்த நூறுல நானும் இருக்கிறேன். எடுத்துக்கோங்க" என்றாள் என் மனைவி.

அப்போதே எடுத்திருப்பார்கள். ஆனால் வார்டில் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தது. ஒரு வாரம் எண்ணெய் வைக்காமல், சீயக்காய் போட்டு அலசி, அடுத்த முறை கட்டு பிரிக்க வரும்போது கொண்டு வாருங்கள் என்று சொல்லி, பழுப்பு நிறத்தில் இரண்டு கவர் கொடுத்தார்கள். ஒன்றில் என் மனைவி பேர் எழுதியிருந்தது. இன்னொன்று, அதே வயசில் அதே வேலை செய்கிற, வியாதி இல்லாத ஒரு பெண்ணுக்கு. இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

பஸ்ஸில் வரும்போது என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காலாப்பட்டு தாண்டினதும், சாமி ஒரு பென்சில் கனத்துக்குக் கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டாள். கோபித்துக்கொள்ளாது என்றேன். வாயால்தான் சொன்னேன்.

அண்ணியிடம் கேட்டபோது அண்ணி தயங்கவே இல்லை. தலையை அவிழ்த்துப்போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டினேன்.

"ஏன் கொழுந்தனாரே, பம்பாய்க்காரிக்கு சவுரி பண்ணி அனுப்பப் போறீங்களா? விட்டா மொட்டையே அடிச்சிடுவீங்க போலருக்குதே" என்றாள்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் என் மனைவி தலை அலசிக் காயவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை மேலே தூக்க வராது. வலது கையும் சேர்ந்து தூக்கினால் தையல் இழுக்கும். அதனால் தலையை நானோ அண்ணியோதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கத்திரியோடு பின்னால் நின்றேன். முடியை ஒதுக்கிப் பின்கழுத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன மச்சம் இருந்தது. கத்திரியைத் திறந்தேன். அந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. முருகனுக்குக் கொடுத்ததிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால், கொடுத்தது செல்லாமல் போய், இவள் பிழைக்காமல் போனால்? அவ்வளவுதான் நினைத்தேன். கத்திரியை முடிக்கு வெளியே, வெறுங்காற்றில், இரண்டு மூன்று தடவை சாத்தினேன்.

"ஆயிடுச்சா? வலிக்கவே இல்லையே" என்றாள்.

"முடி வெட்டுனா வலிக்குமா?" என்றேன்.

உள்ளே போய் அண்ணி முடியை இரண்டு பாகமாக்கி, வேர்ப் பக்கம் தெரிய நூல் கட்டி, இரண்டு கவரிலும் போட்டு ஒட்டினேன். மனசில் உறுத்தல் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். ஒரே கிணறு, ஒரே சோறு, ஒரே அளம். ஒரே பாத்தித் தண்ணீர்தானே, எந்த மூலையில் முக்கினால் என்ன? இரண்டு பெண்களை நான் ஒரு பாத்தியாக்கிவிட்டேன். ஒருத்திக்கு வந்து ஒருத்திக்கு வராததால்தான் அந்த டாக்டரம்மா இரண்டு கவர் கொடுத்தார்கள் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. எட்டினாலும் நான் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

கட்டு பிரிக்கப் போனபோது கவர்களை என் மனைவியே தன் கையால் டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். பரீட்சைத் தாளைக் கொடுக்கிற பிள்ளைபோல இரண்டு கையாலும் கொடுத்தாள்.

பங்குனியில் புண் ஆறிவிட்டது. மயிலத்துக்குப் போனோம். மலையேறி, முடி இறக்கி, குளித்து, சந்தனம் பூசி, சாமி பார்த்தோம். முடி இறக்குகிறவர் பின்னலைப் பார்த்துவிட்டு, இத்தனை நீளமா என்று ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கூடையில் போட்டார். என் மனைவி கூடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள்தான் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் சாமி முன்னால் கண்ணை மூடி நின்றேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. ஏதோ கல்லைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைத்தது போல இருந்தது.

சீசன் பாதி போனபிறகு, ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் காட்டப் போகிற நாளில், டாக்டரம்மா எங்களைத் தேடி வந்தார்கள். பம்பாயிலிருந்து தாள் வந்துவிட்டதாம். எங்கள் இரண்டு கவரிலும் எல்லா அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறதாம். மற்ற இடத்துப் பெண்களுக்கு அப்படி வரவில்லையாம். உங்கள் ஊர்த் தண்ணீரோ காற்றோ காரணமாக இருக்கலாம், அதைத் தனியாகக் குறித்து எழுதப்போகிறேன் என்றார்கள். ஆச்சரியத்தோடு சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "அப்ப என் உடம்புல தனியா ஒண்ணும் இல்ல. பொண்ணுக்குப் போறதுக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள். அப்படிச் சொல்ல முடியாதும்மா என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. வருகிற வழியில் மகளுக்கு ரிப்பன் வாங்கினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். என் தோள் மரத்துப் போயிற்று. நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் இதைச் சொன்னாள். உனக்கும் எனக்கும் ஒரே உடம்புதான் அக்கா, பம்பாயிலேயே சொல்லிவிட்டார்கள் என்றாள். அண்ணி சிரிக்கவில்லை. உனக்கு இருப்பது எல்லாம் எனக்கும் இருக்கிறது என்றால், உனக்கு வந்தது எனக்கும் வரும்தானே என்றாள். ஒரே தாளை வைத்து ஒருத்தி நிம்மதி அடைந்தாள், ஒருத்திக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி மார்பை அமுக்கி அமுக்கிப் பார்த்துத் தோல் கன்றிப் போய்விட்டது என்று அண்ணன் வந்து என்னிடம் வருத்தப்பட்டார். நான் கண்ணாடிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போனபிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்ததும் என் மனைவிக்கு முதுகில் வலி வந்தது. முதலில் சுமை தூக்கின வலி என்றோம். அவள் சுமை தூக்கி மாசக்கணக்காகிவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு வியாதி எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கரண்ட் என்று நாங்கள் சொல்கிற கதிர் வைத்தியமும் செய்தார்கள். அவள் தலையில் அப்போது ஒரு விரல் அளவு முடி வளர்ந்திருந்தது.

அவளைக் கரண்ட் வைக்க உள்ளே கூட்டிப்போயிருந்தபோது நான் டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். கதவோரம் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அந்த இரண்டு கவரிலும் இருந்தது ஒரே பெண்ணின் முடி என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். வேண்டுதலைச் சொன்னேன். பாத்திக் கணக்கையும் சொன்னேன்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு பெரிய பைண்டு நோட்டை எடுத்து, பக்கம் தேடி, இரண்டு வரியின் மேலும் கோடு போட்டார்கள். ஸ்கேல் வைத்து, நிதானமாகப் போட்டார்கள்.

"நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன் ஐயா. வேற ஆளைக் கேட்டிருப்பேன். இல்லாததுகூடப் பரவாயில்ல, தப்பா இருக்கிறதுதான் கஷ்டம்" என்றார்கள். அப்புறம், உங்கள் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அதை நான் சொல்லமாட்டேன், அது உங்கள் விஷயம் என்றார்கள். என் மனைவியின் வைத்தியத்துக்கும் அந்தக் கவருக்கும் சம்பந்தமில்லை, அதனால் அவளுக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதையும் அவர்களாகவே சொன்னார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள்.

அண்ணியிடம் முதலில் சொன்னேன். அண்ணி என்னைப் பேசாத பேச்சு இல்லை. கடைசியில், "என் முடியைக் குடுத்துட்டு என்னையே சாவடிச்சீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மனைவியிடம் சொல்லப் பத்து நாள் ஆனது. அவள் அப்போது அதிகம் படுத்தபடிதான் இருந்தாள். ஒரு நாள் மதியம், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கஞ்சி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னேன். கத்திரியைக் காற்றில் சாத்தியதையும் விடாமல் சொன்னேன். வெளியே யாரோ சைக்கிளில் பனம்பழம் விற்றுக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெரு முனைக்குப் போய் ஓய்ந்தது.

"அப்ப பொண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியல" என்றாள்.

"தெரியல."

"தெரிஞ்ச மாதிரி இத்தினி நாள் இருந்திட்டேன்."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் பிடித்தேன். கேட்க வரவில்லை. உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்ற கால். குதிகால் பிளந்து, நகம் தடித்து மஞ்சளாகியிருந்தது. அவளும் தன் காலையே பார்த்தாள்.

"இந்த நகத்தையாச்சும் யாருக்கும் நேராம வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நகமும் உடம்புதானே. அந்தம்மாகிட்டக் கேளுங்க, இதுல பாக்க முடியுமான்னு. முடியாதுன்னா வுட்டுடலாம்."

கேட்டேன். பார்க்க முடியும் என்றார்கள். ஆனால் மாத்திரையும் கரண்டும் ஆனபிறகு எடுப்பதால் மற்றவர்களோடு சேர்க்க முடியாது, தனியாகத்தான் வைக்க வேண்டும் என்றார்கள். அதையும் அவளிடம் அப்படியே சொன்னேன். தனியாகவே இருக்கட்டும் என்றாள்.

வெந்நீரில் காலை ஊறவைத்து நானே வெட்டினேன். பத்து விரலும் வெட்ட அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு துண்டையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் எண்ணிப் பார்த்துக் கவரில் போட்டாள். நான் ஒட்டப் போனபோது, கொடுங்கள் என்று வாங்கி அவளே எச்சில் தொட்டு ஒட்டினாள். கவரில் பேர் எழுதியிருக்கவில்லை. அவள் மூன்றாவது வரை படித்தவள். பென்சில் வாங்கிக் கோணலாகத் தன் பேரை எழுதினாள். நான் அதைப் பாண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஐப்பசியில் அளம் முழுக்க மழைத்தண்ணீர் நின்றது. பாத்தி வரப்புகூடத் தெரியவில்லை. கார்த்திகை மாதம் ஒரு காலைப்பொழுதில் அவள் போய்விட்டாள். என் மகள் பக்கத்தில் இருந்தாள், அண்ணி இருந்தாள். ஈரம் என்பதால் விறகு பற்ற நேரமானது. நான் செய்ய வேண்டியதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். யாராவது ஒன்று சொன்னால் செய்வேன், சொல்லாவிட்டால் நிற்பேன். தை பிறந்ததும் அளத்துக்குப் போனேன். ஒரு நாள் விரலை முக்கி நாக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த வருஷம் முழுக்கக் குழலைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். அப்போது கெட்ட ருசி இன்றுவரை முழுசாக வரவில்லை.

அடுத்த வருஷம் டாக்டரம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழில் எழுதியிருந்தார்கள். உங்கள் மனைவியின் நகத்தில் பார்த்த அளவுகள் கிடைத்துவிட்டன, ஆனால் ஒருவரை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, உங்கள் மகளுக்கு வரும் என்றோ வராது என்றோ இதிலிருந்து தெரியவில்லை என்று இருந்தது. அது யாருடையது, எப்போது எடுத்தது, அதற்கு முன் என்ன வைத்தியம் நடந்தது என்பதை உள்ளது உள்ளபடி எழுதி வைத்திருக்கிறேன் என்றும் இருந்தது. மகள் பெரியவளானதும் மாதம் ஒரு தடவை தானே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டி தெரிந்தால் வலி வரும் வரை காத்திருக்க வேண்டாம், வருஷம் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள் என்று முடித்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மஞ்சள் துணி முடிச்சு இருந்த இடத்தில் வைத்தேன். மகள் பெரியவளானதும் அண்ணியை விட்டு எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். அண்ணி சொன்னாள், நான் காற்றில் கத்திரி சாத்தியது உட்பட. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டில் சோறு வைத்து என் முன்னால் தள்ளினாள். இப்போது அவளுக்கு அவள் அம்மாவைவிட வயசு அதிகம். வருஷம் தவறாமல் காட்டிவிட்டு வருகிறாள். ஒன்றும் இல்லை அப்பா என்று போனில் சொல்வாள். சரிம்மா என்பேன்.

நான் இன்னும் மயிலத்துக்குப் போகிறேன். முருகன்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அவர் அந்தப் பென்சில் கனத்தைக் கேட்டதே இல்லை. நானாகப் பயந்துகொண்டு, அவர் பேரைச் சொல்லி, என் மனைவி கொடுக்க நினைத்ததைத் தடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதானால் தயவுசெய்து சொல்லுங்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் எதையும் கூட்டாதீர்கள். உப்பளத்தில் வேலை செய்ததால் வந்தது என்று சேர்க்காதீர்கள், அப்படி யாரும் சொல்லவில்லை. இன்ன தாதுவைச் சாப்பிட்டால் வராது என்று சேர்க்காதீர்கள், அதுவும் யாரும் சொல்லவில்லை. வேண்டுதல் பலிக்கவில்லை என்று சாமியை இழுக்காதீர்கள். வேண்டுதலை மீறியதால் செத்தாள் என்று அவளையும் இழுக்காதீர்கள். மீற நான் விடவே இல்லை. அவள் கட்டியை ஒரு சீசன் மறைத்தாள், நான் கவரில் முடியை மாற்றினேன், அவள் தன் நகத்தைத் தன் கையால் கொடுத்தாள், அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதான். ஒரு தடவை மாற்றிக் கொடுத்தவன் கேட்கிறேன், இதை மாற்றாமல் கொடுங்கள்.